ஒரே ஜூன், இரண்டு ஹெல்மெட் சட்டங்கள்

2006 டிசம்பர் 5 அன்று ஹனோய் நகரில் சாலையைக் கடந்துகொண்டிருந்த சீமோர் பேப்பர்ட் மீது ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. குழந்தைகளுக்குக் கணினி கற்றுத்தருவதற்காக ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். எம்.ஐ.டி. பேராசிரியர். கணிதக் கல்வி மாநாடு ஒன்றுக்காக அங்கே போயிருந்தார். உடன் வந்த ஆய்வாளரோடு அவர் பேசிக்கொண்டு நடந்த விஷயமே ஹனோயின் போக்குவரத்து நெரிசலைக் கணித மாதிரியாக எழுதுவது எப்படி என்பதுதான். மூளையில் பலத்த அடி. உயிர் பிழைத்தார், பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் அதே நகரில் நுயென் வான் தாவ் மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். வியட்நாமின் முன்னணி அறிவியலாளர். ஹனோயிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர்.

அந்த ஆண்டில் வியட்நாம் சாலைகளில் தினமும் முப்பதுக்கு மேற்பட்டோர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்நாட்டுக் காவல்துறையே தந்த கணக்கு. அவர்கள் செய்தியாகவில்லை, இந்த இருவரும் செய்தியானார்கள். இவர்களால்தான் சட்டம் வந்தது என்று சொல்லத் துணிய மாட்டேன். போதாததற்கு, இருவருமே நடந்து போனவர்கள்; எந்த ஹெல்மெட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் ஆறு மாதம் கழித்து, 2007 ஜூன் 29 அன்று, வியட்நாம் அரசு தனது 32-ஆம் எண் தீர்மானத்தை வெளியிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும் பின்னால் உட்கார்பவரும் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்றது அது.

அதற்குச் சரியாக நான்கு வாரம் முன்னால், ஜூன் 1 அன்று, தமிழ்நாட்டிலும் ஹெல்மெட் கட்டாயமாகியிருந்தது.

ஒரு நாட்டையும் ஒரு மாநிலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் வைக்கலாம். அன்றைக்கு வியட்நாமில் சுமார் எட்டரைக் கோடிப் பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடிப் பேர். இரண்டு இடத்திலும் 1990-களுக்குப் பிறகு கையில் கொஞ்சம் காசு புரண்ட குடும்பம் முதலில் வாங்கியது இருசக்கர வண்டிதான். அங்கே ஹோண்டா ட்ரீம், இங்கே ஸ்ப்ளெண்டரும் ஸ்கூட்டியும். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, டேங்கின் மேல் இன்னொன்று என்று ஒரு குடும்பமே ஒரே வண்டியில் கல்யாணத்துக்குப் போகும் ஊர்கள் இரண்டும். வெயிலும் புழுக்கமும் ஒன்றுபோலத்தான். ஹெல்மெட் வேண்டாம் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்கூட அச்சடித்தாற்போல ஒன்றே: தலை வேர்க்கிறது, முடி கொட்டுகிறது, பின்னால் வரும் ஹாரன் கேட்கவில்லை, கழுத்து வலிக்கிறது, இதோ பக்கத்துத் தெரு வரைக்கும்தானே. ஹனோய்க்காரர்கள் ஹெல்மெட்டை ‘கரண்ட் சோற்றுப் பானை’ என்று கிண்டல் செய்தார்கள். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வியட்நாம் தன் சட்டத்தைத் தானே எழுதிக்கொள்ளும். தமிழ்நாடு, மத்திய அரசின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் நின்றுதான் எதையும் செய்ய முடியும்.

அந்தச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதோடு, மாநில அரசு தன் விதிகளில் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. நாட்டின் பல மாநிலங்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் முதலில் சென்னையிலும் பெருநகரங்களிலும், பிறகு மாநிலம் முழுவதிலும் என்று திட்டம். அறிவிப்பு வந்த சூட்டோடு விலக்குகளும் வந்தன: பின்னால் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டாயமில்லை. சில நாட்களில் காவல்துறையின் பிடியும் தளர்ந்தது. மக்களுக்குத் தொந்தரவு கூடாது என்பது அரசின் நிலை. சட்டம் ரத்தாகவில்லை. புத்தகத்தில் அப்படியே இருந்தது, தெருவில் இல்லை. மாட்டிக்கொண்டாலும் அன்றைய சட்டப்படி முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் நூறு ரூபாய். ஹெல்மெட்டின் விலை அதைவிடப் பல மடங்கு. கணக்குத் தெரிந்த எவரும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்களுக்கு விலக்கு அளித்ததை இரக்கம் என்றுதான் அன்று பேசினார்கள். கொண்டை, பூ, புடவை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறுகையால் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவரே வேகத்தடையில் முதலில் தூக்கி எறியப்படுபவர். அவர் தலையைத்தான் அந்த இரக்கம் வெறுமையாக விட்டது. வியட்நாமிலும் பெண்களுக்குக் கூந்தல் இருக்கிறது. அங்கே அரசு விலக்குத் தரவில்லை. கடைக்காரர்கள் பின்பக்கம் குதிரைவால் சடைக்கு இடம் விட்ட ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள்.

இனி ஹனோய்ப் பக்கம். தீர்மானம் ஜூனில் வந்தாலும் எல்லோருக்கும் கட்டாயமான நாள் டிசம்பர் 15. நடுவில் ஐந்தரை மாதம். அந்த இடைவெளியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டாயம். அதே கட்டத்தில் அரசு ஊழியர்களும் ராணுவத்தினரும் காவல்துறையினரும் முன்மாதிரியாக அணிய வேண்டும் என்ற உத்தரவு. மற்றவரைப் பிடிக்கப்போகிற ஆள் முதலில் தான் மாட்டிக்கொண்டான். தொலைக்காட்சியில் மாதக்கணக்கில் ஒரே தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேதி நகரவில்லை. அபராதம் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு ஏறி 1,00,000 முதல் 2,00,000 டொங் ஆனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 250 முதல் 500 ரூபாய். ஒரு சாதாரண ஹெல்மெட்டை அந்தப் பணத்தில் வாங்கிவிடலாம். விலக்கு என்ற பேச்சே இல்லை: நெடுஞ்சாலையா தெருவா, ஓட்டுபவரா பின்னால் உட்கார்பவரா, ஐம்பது சி.சி. வண்டியா பெரிய வண்டியா என்ற பாகுபாடு இல்லாமல் எல்லோருக்கும்.

இன்னொரு வேலை அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. ஆசிய விபத்துக் காயத் தடுப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு 2002-லேயே ஹனோய்க்கு அருகே ‘ப்ரோடெக்’ என்ற ஹெல்மெட் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டது. குளிர்நாட்டுக்குச் செய்த கனமான ஹெல்மெட்டை வெயில் நாட்டில் விற்பதை விட்டு, எடை குறைந்த, காற்றோட்டமுள்ள வகையைச் செய்தார்கள். ‘வேர்க்கிறது’ என்ற புகாருக்குச் சட்டத்தால் பதில் சொல்ல முடியாது; ஒரு பொருளால் முடியும்.

டிசம்பர் 15, சனிக்கிழமை. ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் காலையில் தெருவுக்கு வந்தவர்கள் கண்டது ஹெல்மெட் கடல். மூன்று மாகாணங்களில் தெருவோரம் நின்று எண்ணிய ஆய்வாளர்கள், சட்டத்துக்கு முன் 40 சதவீதம் அளவில் இருந்த ஹெல்மெட் அணிதல் 90 சதவீதத்தைத் தாண்டியதைப் பதிவு செய்தார்கள். மருத்துவமனைகளில் சட்டத்துக்கு முந்தைய, பிந்தைய மூன்று மூன்று மாதங்களை ஒப்பிட்ட ஆய்வில், சாலைக் காயத்தோடு வந்தவர்களுக்குத் தலைக்காயம் இருக்கும் அபாயம் 16 சதவீதமும் இறக்கும் அபாயம் 18 சதவீதமும் குறைந்திருந்தன. காவல்துறைக் கணக்கில் 2007-இல் 13,000-ஐத் தாண்டியிருந்த சாலை மரணங்கள் 2008-இல் 11,600 அளவுக்கு இறங்கின.

இதைச் சொன்னதும் நம்மூர் டீக்கடையில் வரும் பதில் எனக்குத் தெரியும்: அது ஒரே கட்சி ஆளும் நாடு, சொன்னால் நடக்கும், இங்கே ஜனநாயகம். இந்தப் பதில் சௌகரியமானது, பாதிகூட உண்மையில்லை. அதே கட்சிதான் 1990-களின் நடுவிலிருந்து ஹெல்மெட்டுக்காக விதிகள் போட்டுக்கொண்டிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் கட்டாயம் என்றும் ஆக்கிப் பார்த்தது. மக்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரே கட்சி, ஒரே காவல்துறை, அதே மக்கள். ஒரு தடவை தோற்றது, அடுத்த தடவை வென்றது. நடுவில் ஆட்சிமுறை மாறவில்லை. ‘இந்தச் சாலையில் உண்டு, அந்தச் சாலையில் இல்லை’ என்ற ஓட்டை அடைபட்டதும், அபராதம் உறைக்கும்படி ஆனதும், நாள் குறித்துக் காத்திருந்ததும்தான் மாற்றம்.

நம்மூர்ப் பக்கமும் பாருங்கள். 2003-இல் ஜெயலலிதா அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சில மாதக் கெடு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்ற மிரட்டல். அரசுக் கட்டடம், தனியார் வீடு என்ற பேதமில்லை. ஊர் ஊராகப் பிளம்பர்களுக்கு ஓய்வில்லாமல் போனது. அது நடந்ததும் இதே ஜனநாயகத்தில்தான். பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயை மண்ணுக்குள் விட்டு வைத்தார்கள் என்பதும் உண்மை. இந்த உண்மைக்கு மறுபடி திரும்பி வர வேண்டியிருக்கும். இருந்தாலும் தமிழ்நாட்டு மக்கள் எந்தச் சட்டத்துக்கும் பணியாதவர்கள் என்ற வாதம் 2003-லேயே பொய்யாகிவிட்டது. அரசு மனம் வைத்த விஷயத்தில் பணிந்தார்கள். ஹெல்மெட்டில் அரசு மனம் வைக்கவில்லை. இரண்டு கழக ஆட்சிகளுக்கும் இது பொருந்தும்.

அரசு விட்ட இடத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2015 ஜூனில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவின்படி ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம்; போடாதவரின் ஆவணங்களைப் பறிமுதல் செய்து, புது ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டையும் வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் திருப்பித் தர வேண்டும். உத்தரவுக்கும் அமலுக்கும் நடுவே மூன்று வாரம். வியட்நாம் ஐந்தரை மாதம் எடுத்துக்கொண்டது ஏன் என்பது அந்த மூன்று வாரத்தில் புரிந்தது. கடைகளில் சரக்குத் தீர்ந்தது, விலை எகிறியது, ரோட்டோரத்தில் கிடைத்ததை வாங்கினார்கள். ஜூலை முதல் வாரத்தில் அண்ணா சாலையில் தலைகள் எல்லாம் மூடியிருந்தன. மாதங்கள் போகப் போக ஹெல்மெட் தலையிலிருந்து இறங்கிக் கண்ணாடியில் தொங்கியது, சிக்னலில் போலீசைக் கண்டால் மட்டும் ஏறியது. 2018-லும் 2019-லும் நீதிமன்றம் மறுபடி மறுபடி அரசைக் கேட்க வேண்டியிருந்தது. பின்னால் உட்கார்பவருக்கும் கட்டாயம் என்று சென்னைக் காவல்துறை முழுமூச்சாக இறங்கியது 2022 மே 23 அன்றுதான். ஆயிரம் ரூபாய் அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அது அமலானது 2022 அக்டோபரில். வியட்நாம் ஒரு சனிக்கிழமையில் முடித்ததற்கு நாம் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டோம். இன்னும் சென்னையைத் தாண்டி, விழுப்புரத்தையோ ராமநாதபுரத்தையோ சேர்ந்த ஒரு கிராமச் சாலையில் நின்று பார்த்தால், முடித்தோம் என்று சொல்ல வாய் வராது.

நீதிமன்றத்தால் உத்தரவிட முடியும். தினமும் சிக்னலில் நிற்க முடியாது. காவல்துறையும் ‘ஸ்பெஷல் டிரைவ்’ என்று பத்து நாள் கேஸ் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்தப் பத்து நாளைத் தாண்டுவது எப்படி என்பதில் நம் மக்கள் கைதேர்ந்தவர்கள். ஆயிரம் ரூபாய் அபராதம் எப்போதாவது விழும் என்பதைவிட, இருநூறு ரூபாய் நிச்சயம் விழும் என்பதற்கே வண்டியோட்டி பயப்படுகிறான்.

வியட்நாமை இத்தோடு புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. மழைநீர்க் குழாயைப் போலவே அங்கே ஹெல்மெட்டும் பாதிப் பேருக்குப் போலீசுக்குக் காட்டும் பொருளாகியது. நடைபாதைகளில் தொப்பி வடிவத்தில், உள்ளே நுரைப்பஞ்சு இல்லாத, கையால் அழுத்தினால் வளையும் பிளாஸ்டிக் ஓடுகள் குவிந்தன. 2008-லேயே தேசியத் தரவிதியும் அதற்கான சி.ஆர். முத்திரையும் வந்தன; முத்திரை ஸ்டிக்கரும் போலியாக வந்தது. ‘இது ஹெல்மெட் இல்லை, ஃபேஷன் தொப்பி’ என்று சொல்லி விற்றார்கள். விற்பது குற்றமாகவில்லை, வாங்கியவர் அதை ஹெல்மெட்டாக மாட்டிக்கொண்டார். தரமற்றதை அணிபவருக்கும் அபராதம் போடலாம் என்று பேச்சு எழுந்தபோது, ரோட்டில் நிற்கும் காவலர் கண்ணால் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று மக்கள் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான். தரத்தைப் பிடிக்க வேண்டிய இடம் தொழிற்சாலை வாசலும் மொத்தக் கடையும். இந்தியா 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதையும் விற்பதையுமே குற்றமாக்கியது. காகிதத்தில் இது வியட்நாமைவிடத் தெளிவான சட்டம். காகிதத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துக்கு அது வந்து சேரவில்லை. அங்கே கம்பியில் கோத்துத் தொங்கும் அரை ஹெல்மெட்டுகளிலும் முத்திரை இருக்கிறது, ஸ்டிக்கராக.

குழந்தைகள் விஷயத்தில் வியட்நாம் மோசமாகத் தடுமாறியது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அணிந்த அதே 2008-இல், சிறு குழந்தைகளிடம் அது பல இடங்களில் பாதியைக்கூட எட்டவில்லை. ஹெல்மெட்டின் கனத்தால் பிஞ்சுக் கழுத்து பாதிக்கப்படும் என்ற வதந்தி ஒரு காரணம். சிறுவர்களுக்கு அபராதம் போட முடியாது, ஏற்றிச்சென்ற பெரியவருக்கு அபராதம் போட விதியும் இல்லை என்பது இன்னொன்று. விலக்கே தராத சட்டத்தில் எழுத மறந்த ஒரு வரி விலக்காக மாறிவிட்டது. 2010-இல்தான் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை ஹெல்மெட் இல்லாமல் ஏற்றிச்செல்லும் பெரியவருக்கு அபராதம் வந்தது. இந்தியச் சட்டம் இதில் இன்னும் கறாரானது. 2023 பிப்ரவரி முதல் ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட்டும், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் கட்டாயம். இந்த விதியைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரை நான் இதுவரை சந்திக்கவில்லை. குழந்தைத் தலைக்கு அளவான ஹெல்மெட் கேட்டால் பெரும்பாலான கடைகளில் கைவிரிக்கிறார்கள்.

இப்போது எண்களுக்கு வரலாம். ஒப்பாய்வின் வழுக்குப் பாறை இதுதான்.

வியட்நாமின் அரசுக் கணக்கில் 2016-இல் சாலையில் இறந்தவர்கள் 8,417 பேர். உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டுக்குச் செய்த மதிப்பீடு ஏறத்தாழ 25,000. மூன்று மடங்கு வித்தியாசம். சம்பவ இடத்தில் காவல்துறை பார்த்த சாவு ஒரு கணக்கு. பத்து நாள் கழித்து மருத்துவமனையிலோ, இனிப் பயனில்லை என்று வீட்டுக்குக் கொண்டுபோன பிறகோ நடந்த சாவு இன்னொரு கணக்கு. இரண்டாவது, முதல் கணக்கில் முழுதாகச் சேர்வதில்லை. அதனால் 2008-க்குப் பிறகு வியட்நாமில் மரணங்கள் ஆண்டுதோறும் சரிந்ததாகக் காட்டும் வரைபடத்தை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. ஹெல்மெட் ஆய்வு மருத்துவமனைக்குள் இருந்து எடுத்தது, அதை நம்புகிறேன். இந்தியாவுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2016-இல் மூன்று லட்சத்தை ஒட்டியது; அரசு சொன்னது ஒன்றரை லட்சம்.

தமிழ்நாட்டின் கதை இன்னும் விசித்திரம். 2016-இல் 17,218 பேர் இறந்தார்கள் என்றது மாநிலக் கணக்கு. 2018-இல் அது 12,216 ஆனது. 2019-இல் 10,525. கொரோனா ஆண்டான 2020-இல் எட்டாயிரம் சொச்சம். நான்கே ஆண்டில் பாதிக்கும் கீழே. ஆம்புலன்ஸ் வேகம், விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களைச் சீர்செய்தது, துறைகளின் ஒருங்கிணைப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன, பாராட்டுகள் குவிந்தன, மற்ற மாநிலங்களுக்குத் தமிழ்நாடு பாடமாகக் காட்டப்பட்டது. பிறகு எண்கள் திருத்தப்பட்டன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பிந்தைய அறிக்கைகளில் தமிழ்நாட்டின் 2018, 2019 மரணங்கள் ஒவ்வொன்றும் 18,000-த்தைத் தாண்டி நிற்கின்றன, 2020-க்கு 14,527. ஊரடங்கால் வந்த சரிவைத் தவிர்த்துப் பார்த்தால் கோடு ஏறக்குறைய தட்டையானது. 2022-இல் மரணங்கள் 17,884; 64,105 விபத்துகளோடு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம், மரணத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து.

தமிழ்நாட்டில் எதுவுமே மேம்படவில்லை என்று இதை வைத்து நான் சொல்லவில்லை. எந்த வேலை பலன் தந்தது, எது தரவில்லை என்று அந்த நான்கு ஆண்டில் கற்றிருக்க வேண்டிய பாடம் கைநழுவியது என்கிறேன். மார்க்கை யாரோ கூட்டிப்போட்ட விடைத்தாளை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தில் வீக் என்று பார்க்க முடியாது. சரியாக எண்ணுவதற்குக் கருவி இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் முதலில் சோதிக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலேயே காவலர் மொபைலில் விவரத்தைப் பதிய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

குடியை விட்டுவிட்டு இந்த ஒப்பீடு முடியாது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு அரசு இருக்கிறது; எதிர்த்தரப்பில் இருந்தவர் வழக்கறிஞர் கே. பாலு. 2017 ஏப்ரலில் 3,000-த்துக்கு மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கம் வந்தது. கடைகள் பல திரும்பத் திறந்தன. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் மது வருவாய் பார்க்கும் அரசு, கடை வாசலில் நிற்கும் வண்டிகளை எந்தக் கண்ணால் பார்க்கும்? பாரிலிருந்து வெளியே வருபவர் எப்படி வீடு போகிறார் என்பது அந்த வாசலில் நிற்கிற எவருக்கும் தெரியும்.

வியட்நாம் அரசுக்கும் பீர் வருமானம் உண்டு. ஹனோயின் ‘ஹபெகோ’ அரசு நிறுவனம்தான். 2019 மே மாதம் ஹனோயின் கிம் லியென் சுரங்கப்பாதையில் குடித்துவிட்டு ஓட்டப்பட்ட கார் மோதி இரண்டு பெண்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் தேசிய மன்றம் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2020 ஜனவரி 1 முதல், ஓட்டுபவரின் ரத்தத்தில் ஒரு சொட்டு மதுவும் இருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கே உச்ச அபராதம் 60 முதல் 80 லட்சம் டொங். அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாய், வண்டியையும் சில நாள் பிடித்து வைத்தார்கள். நடைபாதையில் குட்டி ஸ்டூல் போட்டு ‘பியா ஹோய்’ விற்கும் கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார்கள். பீர் நிறுவனங்கள் வரம்பைத் தளர்த்தக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2024-இல் புதிய சாலைப் பாதுகாப்புச் சட்டம் எழுதப்பட்டபோது, கொஞ்சமாவது அனுமதிக்கலாமே என்ற வாதம் மன்றத்துக்குள்ளேயே வந்தது. பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நீடித்தது. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் வரை அனுமதி. அபராதம் 10,000 ரூபாய். வரம்பு வைத்ததில் தவறில்லை, பல நாடுகள் வைத்திருக்கின்றன. ஆனால் ‘ஒரு பீர்தான் சார்’ என்று ரோட்டோரத்தில் பேரம் பேசுவதற்கான இடமும் அதே வரம்புக்குள்தான் இருக்கிறது.

2025 ஜனவரி முதல் வியட்நாம் இன்னும் ஒருபடி போயிருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 40 முதல் 60 லட்சம் டொங். அங்கே பல தொழிலாளர்களின் பாதி மாதச் சம்பளம். இது எனக்கு உடன்பாடில்லை. 2007-இல் அபராதம் வலித்தது, வாழ்க்கையைப் புரட்டிப்போடவில்லை. அதனால்தான் பெரிய முணுமுணுப்பு இல்லாமல் ஊர் பழகியது. சம்பளத்தில் பாதி போகும் இடத்தில் கையூட்டுக்கு விலை ஏறும், அவ்வளவுதான்.

விபத்துக்குப் பிறகு நடப்பதில் தமிழ்நாடு தெளிவாக முன்னே நிற்கிறது. 2008-இல் இங்கே வந்த 108 ஆம்புலன்ஸ் சேவை இன்று குக்கிராமத்துக்கும் பழகிய எண். வியட்நாமில் 115 என்ற எண் இருந்தும், அடிபட்டவர்களில் பெரும்பாலோர் டாக்சியிலோ, இரண்டு பேருக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் உட்காரவைக்கப்பட்டோதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கழுத்தெலும்பு முறிந்தவரை அப்படிக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை செலவை அரசு ஏற்றது. தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. முன்பணம் கட்டச் சொல்லி வாசலில் நிறுத்திய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தத் திட்டத்தில் யாரும் அவ்வளவாகப் பேசாத பயன் ஒன்று உண்டு. சிகிச்சைச் செலவை அரசு கொடுப்பதால், இதில் சேர்க்கப்படும் ஒவ்வொரு காயத்துக்கும் பெயர், நேரம், இடம், முடிவு எல்லாம் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறுகின்றன. காவல்நிலைய எஃப்.ஐ.ஆர்.களை அந்தப் பதிவேட்டோடு மாதாமாதம் வைத்துப் பார்த்து, முப்பது நாளுக்குள் இறந்தவர்களை மாவட்டவாரியாக, ஹெல்மெட் இருந்ததா இல்லையா என்ற குறிப்போடு வெளியிட ஒரு அரசாணை போதும். புதுச் சட்டமோ டெல்லியின் அனுமதியோ தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் பழைய எண்ணுக்கும் திருத்திய எண்ணுக்கும் நடுவே விழுந்துகிடப்பவர்கள் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேல்.